சுங்கை பாக்காப்பில் வியாழக்கிழமைகள்

சேவை மையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். புகார்க் கடிதம் எழுதுவது, மாநகர் மன்றத்தில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று தெரிந்துகொள்வது, கோபத்தோடு உள்ளே வருகிறவரை எப்படி உட்கார வைப்பது, இதெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். பழகவே பழகாத ஒன்று இந்த வேலையில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். அதனால் நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பொறாமை.

பெண்பிள்ளைகள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தம்பிகளும் எழுந்து போக வேண்டாம். கதையில் நீங்களும் வருகிறீர்கள்.

என் பெயர் பிலோமினா. பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் தொகுதி முழுக்க நான் பிலோமி அக்கா. சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் எழுத்து வேலைக்குக் கிராணியாகச் சேர்ந்து, பிறகு அவருடைய உதவியாளர் ஆனேன். கட்சியிலும் உறுப்பினர். இங்கே எல்லாரும் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுவதுபோல நானும் ஒய்பி என்றே சொல்கிறேன். முதல் ஒய்பி ஆண், இரண்டாவது ஒய்பியும் ஆண். இருவரும் கெட்டவர்கள் இல்லை. மேடையில் யாராவது எதிரே வந்தால், பின்னால் நின்று அவர் பெயரை, அவர் மகன் எங்கே படிக்கிறான் என்பதை, போன வாரம் அவர் என்ன கேட்டார் என்பதை நான் காதில் சொல்வேன். ஒய்பி கையைப் பிடித்து விசாரிப்பார். ஒய்பிக்கு எவ்வளவு ஞாபகசக்தி பாருங்கள் என்று ஊர் சொல்லும். எனக்கும் அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது, கொஞ்ச காலம்.

அது கசந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். வெள்ளம் வந்தால் மக்களை எங்கே தங்க வைப்பது என்று பேச்சு. வழக்கம்போலப் பள்ளி மண்டபம் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்துக்குத்தான் முதலில் தண்ணீர் வரும். போன தடவை பாயோடும் பிள்ளைகளோடும் மறுபடி எல்லாரையும் கிளப்பிக் கூட்டிப் போனவள் நான். அதனால் மாடி வகுப்பறைகளை வாங்கிவிடலாம், தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன் என்றேன். கட்சியின் தொகுதித் தலைவர் என்னைப் பார்த்தார். "பாக்கலாம் அக்கா, மொதல்ல டீ வந்திருச்சான்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். தட்டோடு திரும்பி வந்தபோது தொகுதிச் செயலாளர் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார். மாடி வகுப்பறைகளைப் பற்றி. எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல யோசனை என்று தலைவர் சொன்னார். நான் ஒவ்வொருவர் முன்னாலும் டீயை வைத்தேன். செயலாளர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. என் யோசனையை எடுத்துக்கொண்டோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன். அது சும்மா அறையில் கிடந்தது, அவர் எடுத்துப் பேசினார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்பதற்காக இல்லை. அவருக்குத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்பதற்காக. தப்பாகப் பேசினால், 'சரி லா, அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்பார்கள். ஒரு கிளைத் தேர்தலில் தோற்றார், அனுபவம் என்றார்கள். இன்னொன்றில் தோற்றார், பாவம் என்றார்கள். எனக்கு ஒரு பெயர் மறந்தால் போதும், அக்காவுக்கு வயசாகுது என்பார்கள். ஒரு ஆணுக்குச் சுமாராக இருக்க அனுமதி உண்டு. நான் ஆசைப்பட்டதில் பாதி அந்த அனுமதிதான்.

இதைச் சொல்லிவிட்டு உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் நீங்கள் ஒன்றைச் சொன்ன கையோடு டீயைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால், எழுந்திருக்காதீர்கள். டீ எப்படியும் வரும்.

பிறகு ஒரு மாநிலத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதிக்கு இந்த முறை பெண் வேட்பாளர் என்று மேலிடத்திலிருந்து செய்தி. சேவை மையத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். அடுக்குமாடி வீட்டுக் குழுவில் இருந்து ஒருவர் வந்து, இனிமே உங்களை ஒய்பின்னுதான் கூப்பிடணும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படியெல்லாம் பேசாதீங்க என்றேன். ஆனால் குளிக்கும்போது நன்றி உரை பேசிப் பார்த்தேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்வது, யாரை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அறிவித்தது வேறு ஒரு பெண்ணை. கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். தந்தை பினாங்குக்காரர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் கிளைகளில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். படித்தவர், பார்க்க நன்றாக இருக்கிறார், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்றார். "அதோட உங்களத் தூக்கி அங்க வெச்சுட்டா, இங்க சேவை மையத்த யாரு அக்கா பாக்குறது?" என்றும் கேட்டார். நான் வேலையை நன்றாகச் செய்ததால்தான் எனக்கு அந்த இடம் இல்லை என்பதை அவர் பாராட்டு மாதிரி சொன்னார். நானும் பாராட்டு மாதிரி வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் அந்தோணி ஜுருவில் கார் உதிரிபாகக் கடையில் வேலை. தினம் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போய் வருவார். அரசியல் அவருக்குப் பிடிக்காது. அன்று சாயங்காலம் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ எனக்கு வேணும்னு கேட்டியா?"

கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

அந்த வேட்பாளரை, இனி அவரையும் ஒய்பி என்றே சொல்கிறேன், தொகுதி முழுக்கக் கூட்டிப் போய் அறிமுகம் செய்யும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் செய்தேன். அந்தப் பிரச்சாரத்தில் நான் எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பேசும்போது நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். மண்டபம் காத்திருக்கும். நான் ஒருமுறை இருமினால் போதும், அந்த இடைவெளியில் யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள். 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்' என்று கூசாமல் சொல்வார். தெரியாது என்று ஒரு நாளும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்திலேயே நான் இத்தனை வருடம் ஓட்டியிருந்தேன்.

ஒரு நாள் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பகுதிக்குப் போனோம். காரை ஓட்டியவர் சேகர் அண்ணன். ஐம்பது வயது, தடித்த மீசை, எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குழுத் தலைவர் மாலையோடு ஓடி வந்தார். சேகர் அண்ணன் கதவைத் திறந்து இறங்கியதும் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார். 'வாங்க ஒய்பி' என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பின் கதவைத் திறந்து இறங்கிய ஒய்பியைப் பார்த்து, 'ஒய்பி மேடமும் வந்திருக்காங்களா, சந்தோசம்' என்றார். மனைவி என்று நினைத்துவிட்டார்.

சேகர் அண்ணன் மாலையைக் கழற்றக் கை தூக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. படு, நீயும் படு என்று நினைத்தேன். ஒய்பி சேகர் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருக்கட்டும் அண்ணே, உங்களுக்கு நல்லாருக்கு" என்றார். பிறகு குழுத் தலைவரிடம் திரும்பி, "நான்தான் வேட்பாளர். மேல் மாடிக்குத் தண்ணி ஏறலன்னு அக்கா சொன்னாங்க. வாங்க, மொதல்ல அதப் பாப்போம்" என்று படியில் ஏற ஆரம்பித்துவிட்டார். லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. குழுத் தலைவர் மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடினார்.

அந்த நிமிடத்தில் என் சந்தோஷமெல்லாம் போய்விட்டது. எத்தனை வருடம் எத்தனை பேர் என்னைத் தாண்டி யாரோ ஓர் ஆணின் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு பதில் எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இவருக்கு ஒரு மூச்சு விடும் நேரத்தில் தோன்றிவிட்டது. அதுவரை அவருடைய இடத்தைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அதற்குப் பிறகு அவருடைய திறமையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். இரண்டாவதுதான் அதிகமாக வலிக்கும்.

ஜெயித்தார். ஜெயித்த பிறகும் நிருபர்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெரியவர், வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர் போல, இதுக்கெல்லாம் விடுறாரே என்றார். இதையெல்லாம் அவர் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவரைக் குத்தியது சட்டமன்றத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே வழக்காடியவர். மலாய் தெரியும், ஆனால் சபை மலாய் சரளமாக வரவில்லை. ஒரு முறை ஒரு சொல்லில் நாக்குத் தடுக்கியது. எதிர் வரிசையில் ஒருவர் அதே சொல்லைச் சின்னப் பெண்ணின் குரலில் திரும்பச் சொன்னார். எதிர் வரிசை சிரித்தது. எங்கள் வரிசையும் சிரித்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் வரிசையில் ஓர் ஆண், ஒரு முழு வாக்கியத்தையே குழப்பிப் பேசியிருந்தார். அதை யாரும் திரும்பச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் சுங்கை பாக்காப் வியாழக்கிழமைகள் தொடங்கின. அங்கே ஓய்வுபெற்ற மலாய்மொழி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தமிழர், மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். ஒய்பி வியாழக்கிழமை சாயங்காலம் தானே காரை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டி அவர் வீட்டுக்குப் போவார். சட்டமன்றத்தில் பேச வேண்டியதை அவர் முன்னால் நின்று பேசிப் பழகுவார். கணவரைத் தவிர என்னிடம் மட்டும்தான் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். "ஒரு ஆம்பள பயிற்சி எடுத்தா உழைப்பாளின்னு சொல்வாங்க. நான் எடுத்தா, பாத்தியா, ஒண்ணும் தெரியாமத்தான் வந்திருக்கான்னு சொல்வாங்க."

சில வியாழக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். உள்ளே கூப்பிட்டால்கூடப் போகாமல் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும். என்னுடைய மலாய் பசார் மலாய். மீன்காரரிடம் பேரம் பேசுவதற்கும் அதிகாரியிடம் கெஞ்சுவதற்கும் போதும். உள்ளே சார் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். நான் வெளியே உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு இப்படி ஒரு ஜன்னல் முப்பது வயதில் கிடைத்திருந்தால் என்று நினைப்பேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சட்டமன்றம் கூடியிருந்த ஒரு நாள். மதியம் தொகுதிச் செயலாளர் என்னை நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். அப்படி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. என் தட்டில் குழம்பு ஊற்றச் சொல்லி, இறால் வைக்கச் சொல்லி, ரொம்ப உபசரித்தார். பிறகு கைப்பேசியைத் திறந்து ஒரு படம் காட்டினார். ஒய்பியின் கார், சாரின் வீட்டு வாசலில். இன்னொரு படத்தில் ஒய்பி கதவுக்குள் போகிறார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த ஆள் வீட்டுக்குப் போகிறார், அந்த ஆள் தனியாக இருக்கிறார் என்றார். இன்றைக்குச் சாயங்காலம் அது வாட்ஸ்அப்பில் போகும், யார் அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தச் சீட்டு உங்களுக்கு வர வேண்டியது அக்கா. எங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். யாராச்சும் வந்து கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. போதும் லா. அடுத்த தடவ நீங்கதான்."

பிள்ளைகளே, ஒய்பியைப் பற்றித் தப்பாக ஒன்று பேசக்கூட அவர் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன வேலை. ஒரு வார்த்தை. அதற்கு நான் இத்தனை வருடம் ஏங்கிய இடம். கேட்ட உடனே சீ என்று எழுந்து வந்தேன் என்று உங்களிடம் சொல்ல முடியும். அப்படி வரவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். ஒய்பியை எனக்குப் பிடிக்கும் என்பதற்காக யோசிக்கவில்லை, அன்று எனக்கு அவரைப் பிடிக்கவும் இல்லை. வேறு ஒரு கணக்கு ஓடியது. இந்தப் படத்தால் இவர் விழுந்தால் அடுத்த கூட்டத்தில் என்ன பேசுவார்கள்? பெண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தோம், சரிப்பட்டு வரலை என்பார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கப் போவதும் இதே மனிதர்தான். அப்புறம் அந்த இடத்துக்கு நானும் இல்லை, என் மகள் வயதில் இருப்பவளும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. நான் ஒய்பியை ஜெயிக்க ஆசைப்பட்டேன். மேடையில், வேலையில், ஓட்டில். ஒரு வீட்டு வாசலில் எடுத்த படத்தை வைத்து யாரோ அவரை முடித்துவிட்டால் என் பொறாமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செயலாளர் நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒய்பியின் கைப்பேசி அணைந்திருந்தது, சபை முடிய சாயங்காலம் ஆகும். கிடைத்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். உண்மையைச் சொன்னால் பயிற்சி எடுக்கிற விஷயம் வெளியே வரும், சொல்லாவிட்டால் படம் வெளியே வரும். சேவை மையத்துக்கு வந்து சாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். பிறகு, வீட்டில் நாற்காலி போதாது, பாய் விரித்தால் ஆகும் என்றார்.

உடனே தொகுதியின் வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் இருக்கிற குழுவில், எழுதிப் போட்டேன். சுங்கை பாக்காப்பில் வியாழக்கிழமை தோறும் மேடைப் பேச்சு வகுப்பு நடக்கிறது, ஒய்பியும் நானும் போய்க்கொண்டிருக்கிறோம், இனி மகளிர் யார் வேண்டுமானாலும் வரலாம், போக வரக் காடியில் இடம் இருக்கிறது என்று எழுதினேன். ஒய்பியும் நானும் என்று தட்டியதும் விரலை நிறுத்தி அந்த வரியை மறுபடி படித்தேன். தப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதாக நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே வரியில் சமமாக நிற்பதைப் பார்க்கும் ஆசையும் அதில் இருந்திருக்கும்.

செய்தியைப் பார்த்துப் பலர் கட்டைவிரல் காட்டினார்கள். செயலாளர் பார்த்ததாகத் தெரிந்தது. ஒன்றும் போடவில்லை. அன்று சாயங்காலம் எந்தப் படமும் வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வீட்டின் முன்னால் நிற்கிற காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சபை முடிந்ததும் ஒய்பி நேராகச் சேவை மையத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார். என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டீர்கள், உங்களை நம்பித்தானே சொன்னேன் என்று ஆரம்பித்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு படத்தைப் பற்றிச் சொன்னேன். செயலாளர் எனக்குச் சீட்டுத் தருவதாகச் சொன்னதையும் சொன்னேன். அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை, அதை வேண்டாம் என்று விட்டதையாவது அவர் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றி என்று சொல்லவில்லை. குழுவில் நான் போட்டதை இன்னொரு முறை படித்துவிட்டு, "வியாழக்கிழமை ரெண்டு காடி எடுக்கணும் போலிருக்கே அக்கா" என்றார்.

இந்த இடத்தில், அவரும் உள்ளூர என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், ஒரு நாள் மனம்விட்டுச் சொன்னார் என்று முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னிடம் பொறாமைப்பட ஏதாவது இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் தோழிகள் ஆகவில்லை. ஒன்றாக நன்றாக வேலை செய்தோம். உங்களுக்கும் அது போதும். கூட வேலை செய்கிற பெண்ணைப் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிடிக்காதவளுக்காகவும் நிற்கலாம்.

வகுப்புக்குப் பெண்கள் வந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர், சந்தையில் பூக்கடை வைத்திருந்தவர், இன்னும் சிலர். ஜுருத் தொழிற்சாலையில் லைன் மேற்பார்வையாளராக இருந்த சுமதி வேலை முடிந்து சீருடையோடு நேராக வருவாள். முதல் நாள் எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லவே அவளுக்குக் குரல் வரவில்லை. நானும் ஜன்னலுக்கு உள்பக்கம் வந்தேன். ஐம்பது தாண்டிய வயதில் நின்றுகொண்டு பேசப் பழகினேன். சார் என் வாக்கியத்தை நிறுத்தித் திருத்தும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் வாக்கியத்தை ஒருவர் முழுதாகக் கேட்டால்தானே திருத்த முடியும்.

அடுத்த தேர்தலில் ஒய்பிக்கு மறுபடி வாய்ப்புக் கொடுக்கவில்லை. குறை என்று யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெண்ணுக்கு ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது என்றார்கள், அவ்வளவுதான். இடம் செயலாளருக்குப் போனது. அவர் ஜெயித்தார். ஒய்பி கோலாலம்பூருக்கே திரும்பிப் போய்விட்டார். என்னைச் சேவை மையத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மக்களுக்காக இருந்தேன். ஆனால் கட்சித் தேர்தல் வந்தபோது தொகுதித் துணைத் தலைவர் பதவிக்குப் பெயர் கொடுத்தேன். தலைவர் ஆச்சரியப்பட்டு, மகளிர் பிரிவில் நிற்கலாமே என்றார். இங்கேதான் எனக்கு வேண்டும் என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமைப் பெண்கள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தேன்.

அந்தப் பதவியில் இருப்பவர்களுக்கு வேட்பாளரைப் பரிந்துரைக்கும் கூட்டத்தில் நாற்காலி உண்டு. போன தேர்தலுக்கு முன்னால் அந்தக் கூட்டம் நடந்தது. செயலாளரை நாடாளுமன்றத்துக்கு நிறுத்தப் போகிறார்கள், அதனால் சட்டமன்ற இடம் காலி. நான் எனக்கு வேண்டும் என்றேன். தலைவர் ரொம்ப அன்பாக, வயசாயிடுச்சே அக்கா என்றார். அவர் என்னைவிட மூத்தவர். பிறகு இன்னொரு பெயர் வந்தது. வேறு இடங்களில் நின்று தோற்ற ஒரு தம்பி. பாவம், இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றார்கள். எனக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்குள் என்ன நடந்தது என்று இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சுமதியின் பெயரைச் சொன்னேன்.

மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சின்னப் பெண், கல்யாணம் ஆகவில்லை, நாளைக்குக் கல்யாணம் ஆனால் என்ன செய்வது. நான் எழுந்து நின்றேன். "எனக்கு வயசு கூடிப்போச்சு, அவளுக்கு வயசு பத்தல. அந்தத் தம்பிக்கு மட்டும் எப்பவும் சரியான வயசாவே இருக்கு. பொம்பளைக்கு எந்த வயசு சரின்னு இன்னிக்குச் சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

நான் உட்காரவில்லை. சுமதி என்னென்ன செய்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். யாரும் குறுக்கே வரவில்லை. கூட்டம் முடியும்போது இரண்டு பெயர் மேலிடத்துக்குப் போவதாக முடிவானது, அதில் முதலாவது சுமதியுடையது. மேலிடம் அவளை எடுத்துக்கொண்டது. அவள் ஜெயித்ததும் இப்போது சட்டமன்றத்தில் எப்படிப் பேசுகிறாள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நல்ல காரியம் செய்ததால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது போகவில்லை. அவள் நன்றாகப் பேசும்போதெல்லாம் எனக்கு வருகிறது. அதைப் பார்த்து நான் பயப்படுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். எனக்கு இது வேண்டும் என்று என் வாய் சொல்லாத காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். உங்களுக்கு வந்தால் அதை யாருக்காவது விற்றுவிடாதீர்கள். வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், இறாலோடு வருவார்கள்.

பிரச்சாரத்தின்போது ஒரு சாயங்காலம் மார்க்கெட் முனை சிக்னலில் நின்றேன். விளக்குக் கம்பத்தில் சுமதியின் படம் போட்ட பெரிய துணிப் பதாகை. கையைக் கூப்பி, நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் பெயர், பெரிய எழுத்தில். என் வயிறு எரிந்தது. மழை வருகிற மாதிரி காற்று. பதாகையின் ஒரு மூலை கழன்று அவள் முகத்தின்மேல் மடங்கி மடங்கி அடித்துக்கொண்டிருந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய், எட்டாத கயிற்றை எக்கிப் பிடித்து இழுத்து, அந்த மூலையை இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.